பொதியிலும் இமயமும்: ஒரு தொலைக்காட்சியின் பெயர் வரலாறு

அரசு அலுவலகத்தில் எழுத்தராகப் பல்லாண்டு கழித்தவர்க்குப் பெயர்ப்பலகை மாறுவது புதுமையன்று. துறையின் பெயர் மாறும். கடிதத்தாளின் தலைப்பு மாறும். இரப்பர் முத்திரை மாறும். கோப்புகள் மட்டும் அதே இரும்பு அலமாரியில், அதே நாடாவால் கட்டுண்டு கிடக்கும். புதிய பெயரைப் பழக நமக்கு ஆறு திங்களாகும். பழைய பெயரை மறக்க ஆறாண்டும் போதாது.

2024ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 19ஆம் நாள் சென்னையில் நிகழ்ந்த விழாவொன்றில், 'பொதிகை' என்று நாம் அறிந்திருந்த தூர்தர்ஷன் அலைவரிசை 'டிடி தமிழ்' என்னும் புதுப் பெயருடன் பிரதமரால் தொடங்கி வைக்கப்பெற்றது. அடுத்த ஞாயிறன்று நம் சங்கத்தில் கூடியிருந்த பெரியவர்களிடையே இதுவே பேச்சு. "மலையை எடுத்துவிட்டார்கள்" என்றார் ஒருவர். "தமிழைத்தானே வைத்திருக்கிறார்கள், அதில் என்ன குறை?" என்றார் மற்றொருவர். இருவரும் சினம் கொள்ளவில்லை. ஆயினும் இருவர் குரலிலும் ஏதோ ஒரு பொருள் கைமாறிப் போனதைப் போன்ற தயக்கம் ஒலித்தது. அத்தயக்கத்தின் வேரைத் தேடப் புகுந்ததன் விளைவே இக்கட்டுரை.

வேர் தில்லியில் இருக்கிறது. 1959ஆம் ஆண்டு செப்டம்பர் 15ஆம் நாள், குடியரசுத் தலைவர் இராசேந்திர பிரசாத் இந்நகரில் தொலைக்காட்சியைத் தொடங்கி வைத்தார். அன்று அதற்கெனத் தனிப்பெயர் இல்லை. வானொலியின் ஒரு கிளை, அவ்வளவே. ஆகாசவாணி பவனத்தில் ஒரு தற்காலிக ஒளிப்பதிவுக்கூடம், ஒரு சிறிய ஒளிபரப்புக் கருவி, வாரத்தில் இரண்டு நாள் நிகழ்ச்சி. யுனெசுகோ நிறுவனத்தின் உதவியுடன் நகரைச் சுற்றிலும் தொலைக்காட்சி மன்றங்கள் அமைத்து, பொதுவிடத்தில் ஒரு பெட்டியை வைத்து மக்களைக் கூட்டிக் காட்டினர். 1961இல் பள்ளி மாணவர்க்கான பாடங்கள் வந்தன. 1965ஆம் ஆண்டு விடுதலை நாளிலிருந்து அன்றாட ஒளிபரப்பும் செய்தியும் தொடங்கின. 1967 குடியரசு நாளன்று 'கிரிஷி தர்ஷன்' என்னும் உழவர் நிகழ்ச்சி, தில்லியைச் சுற்றியுள்ள எண்பது சிற்றூர்களை நோக்கித் தொடங்கிற்று. ஆக, இந்தியத் தொலைக்காட்சி பிறந்து பதின்மூன்று ஆண்டுகள் வரை, அது தில்லியின் தொலைக்காட்சியே ஆகும். 1972 அக்டோபரில் பம்பாய்க்குச் சென்ற பிறகே அது ஊர் தாண்டிற்று. சென்னைக்கு வந்தது 1975ஆம் ஆண்டு ஆகஸ்டு 15ஆம் நாள்.

இதனை ஏன் வற்புறுத்துகிறோம் எனில், தில்லித் தமிழர் தொலைக்காட்சியைத் தமிழகத்து உறவினர்க்கு முன்பே கண்டவர்கள். ஆனால் அதில் தமிழைக் கேட்டவர்கள் அல்லர். வானொலியின் நிலை வேறு. தமிழ்ச் செய்தி தில்லியிலிருந்தே வாசிக்கப்பெற்றது. 1947இல் விடுதலைச் செய்தியைத் தமிழில் வாசித்த பூர்ணம் விசுவநாதன் தில்லி வானொலியில் இருந்தவர். பின்னாளில் சரோஜ் நாராயணசுவாமி அவர்களின் குரல், தில்லியில் எழுந்து தமிழ்நாட்டு அடுப்படிகளை எல்லாம் எட்டிற்று. சிற்றலை, மத்திய அலை ஆகியவற்றில் மொழி நெடுந்தொலைவு பயணம் செய்யும். தொலைக்காட்சியின் அலையோ கோபுரத்தின் கண்ணுக்கு எட்டிய தொலைவே செல்லும், அடிவானத்தைத் தாண்டாது. எனவே வானொலிக் காலத்தில் தில்லியில் உலவிய தமிழ், தொலைக்காட்சிக் காலத்தில் சென்னைக் கோபுரத்தின் காலடியிலேயே நின்றுவிட்டது. இது எவருடைய வஞ்சனையும் அன்று, அலையின் இயல்பு. ஆனால் இயல்பின் மேல் மனிதர் அமைத்த திட்டங்களும் பின்னர் வந்து சேர்ந்தன.

1976ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள் தொலைக்காட்சி வானொலியிலிருந்து பிரிந்து தனி இயக்ககம் ஆயிற்று. பிரிக்க வேண்டும் என்று சந்தா குழு பரிந்துரைத்துப் பத்தாண்டு கடந்திருந்தது. அரசுக் கோப்பின் நடைவேகம் அறிந்தவர் வியப்படையார். அன்றுதான் 'தூர்தர்ஷன்' என்னும் பெயர் சூட்டப்பெற்றது. இதுவே முதற் பெயர்சூட்டு விழா. அதன் முதல் தலைமை இயக்குநராய் அமர்ந்தவர் பி. வி. கிருஷ்ணமூர்த்தி என்னும் தமிழர் என்பதை நம் பிள்ளைகள் அறிந்திருத்தல் நன்று. வானொலியில் வளர்ந்தவர், இசையறிந்தவர்; சென்னையில் வாழ்ந்து 2019இல் மறைந்தார்.

பெயருடன் சின்னமும் பண்ணும் வந்தன. அகமதாபாத்து தேசிய வடிவமைப்பு நிறுவனத்தின் மாணவராயிருந்த தேவாசிஷ் பட்டாச்சாரியா வரைந்த வடிவத்தைப் பிரதமர் இந்திரா காந்தி தேர்ந்தெடுத்தார் என்பர். நடுவே ஓர் உருண்டை. அதனை இருபுறமும் தழுவும் இரண்டு வளைவுகள். காண்பவர்க்கு ஒரு கண். 'சத்தியம் சிவம் சுந்தரம்' என்பது அதன் முழக்கவுரை. பண்டிட் இரவிசங்கரும் ஷெனாய்க் கலைஞர் உசுத்தாத் அலி அகமது உசேன் கானும் அமைத்த பண் ஒலிக்க, அவ்வளைவுகள் சுழன்று சுழன்று கண்ணாக நிலைபெறும். மாலை வேளையில் அப்பண் கேட்டால் விளையாட்டை விட்டு வீட்டிற்கு ஓடிவந்த தலைமுறை நம்முடையது. பின்னாளில் எத்தனையோ முறை வண்ணமும் தடிமனும் மாற்றப்பெற்ற போதிலும், அக்கண் இன்றளவும் மூடவில்லை.

சென்னையில் மட்டும் மக்கள் 'தூர்தர்ஷன்' என்று எளிதில் சொல்லிவிடவில்லை. 'சென்னைத் தொலைக்காட்சி' என்றே வழங்கினர். பாமரர் 'மெட்ராஸ் டீவி' என்றனர். வடமொழிப் பெயரின் பொருளைத்தான் தமிழ்ப் பெயரும் சொல்கிறது. ஆயினும் ஒரு சொல் வாயில் தங்குவதும் தங்காததும் பொருளைப் பொறுத்தது மட்டும் அன்று அல்லவா?

அடுத்த திருப்பம் 1982. நம் கருத்தில், பெயர் மாறாமலே நிகழ்ந்த மிகப்பெரிய மாற்றம் இதுவே. அவ்வாண்டு ஆகஸ்டு 15 முதல் வண்ண ஒளிபரப்பும் 'தேசிய நிகழ்ச்சி'யும் தொடங்கின. ஏப்ரலில் ஏவப்பெற்ற இன்சாட் 1ஏ செயற்கைக்கோள் செப்டம்பரிலேயே செயலிழந்தது. எனினும் நவம்பரில் தில்லியில் நடைபெற்ற ஆசிய விளையாட்டுகளை நாடு வண்ணத்தில் கண்டது. 1983 ஆகஸ்டில் இன்சாட் 1பி விண்ணில் ஏவப்பெற்ற பின் ஒளிபரப்பு நிலையங்கள் பெருகிய வேகம் அரசுத் துறையில் நாம் காணாதது. 1984இல் சில மாதங்கள் நாளுக்கொரு நிலையம் என்னும் கணக்கில் திறந்தனர்.

தேசிய நிகழ்ச்சியின் பொருள் இதுதான்: மாலையில் அந்தந்த நிலையம் தன் மொழியில் பேசலாம், இரவு எட்டரை மணிக்கு மேல் எல்லா நிலையங்களும் தில்லியுடன் இணைய வேண்டும். இந்திச் செய்தி, ஆங்கிலச் செய்தி, தொடர்கள் என யாவும் தில்லியிலிருந்து. சென்னையில் அவ்வேளை வந்ததும் பெட்டியை அணைத்துவிட்டு இலை போட்டவர் பலர். இன்னும் ஒரு விந்தை உண்டு. சென்னைக்கு வெளியே தமிழ்நாட்டு நகரங்கள் பலவற்றில் முதலில் நிறுவப்பெற்றவை குறைந்த ஆற்றல் கொண்ட அஞ்சல் நிலையங்கள். அவை செயற்கைக்கோள் வழியாகத் தில்லியை எடுத்துத் தந்தனவே ஒழிய, சென்னையைத் தரவில்லை. எனவே காவிரிக் கரையிலிருந்த நம் சிற்றப்பா வீட்டில், சென்னைத் தமிழ் நிகழ்ச்சி வருமுன்னரே தில்லி இந்தி நிகழ்ச்சி வந்துவிட்டது! கோடைக்கானல் உயர்நிலையம் வந்த பிறகே தென்மாவட்டங்கள் சென்னையைக் கண்டன. விடுமுறைக்கு ஊர் சென்றபோது, இந்தித் தொடரின் கதையைத் தம் மக்களுக்கு மொழிபெயர்த்துச் சொல்லும் பணி தில்லியிலிருந்து வந்த சிறுவர்களாகிய நமக்கு வாய்த்தது. அதனால் நமக்குக் கிடைத்த மதிப்பையும் முறுக்கையும் மறைப்பானேன்?

இக்குறையைச் சுட்டியவர் தமிழர் மட்டும் அல்லர். பி. சி. ஜோஷி தலைமையில் 1982இன் இறுதியில் அமைக்கப்பெற்ற ஆய்வுக்குழு, தொலைக்காட்சிக்கு ஓர் இந்திய ஆளுமை வேண்டும் என்று கூறிய தன் அறிக்கையில், நிகழ்ச்சிகள் தில்லியையே மையமாகக் கொண்டிருப்பதைக் கண்டித்தது. அறிக்கை அச்சாயிற்று, பாராட்டும் பெற்றது. அதன்பின் அதற்கு நேர்ந்தது மற்ற நல்லறிக்கைகளுக்கு நேர்ந்ததே.

இனி நம் இல்லத்தைச் சிறிது சொல்ல வேண்டும். நம் தந்தையார் எழுபதுகளின் நடுவில் கும்பகோணத்தை அடுத்த சிற்றூரிலிருந்து தில்லிக்கு எழுத்தராக வந்தவர். இராமகிருஷ்ணபுரத்து அரசுக் குடியிருப்பில் இரண்டறை வீடு. நடந்து செல்லும் தொலைவில் மலைமந்திர் முருகன். கூட்டுறவுக் கடனில் ஒரு கறுப்பு வெள்ளைப் பெட்டி வாங்கினார். அந்நாளில் தொலைக்காட்சிக்கு அஞ்சலகத்தில் உரிமக் கட்டணம் செலுத்த வேண்டியிருந்தது. எண்பதுகளின் நடுவில் அது நீக்கப்பட்ட பின்னரும் அந்த உரிமச் சிறுநூலைத் தந்தையார் குடும்ப அட்டையுடன் சேர்த்தே வைத்திருந்தார். "அரசாங்கம் எப்போது வேண்டுமானாலும் கேட்கும்" என்பது அவர் அனுபவம்.

1984 சூலையில் தொடங்கிய 'ஹம் லோக்' தொடர் நமக்கு மங்கலான நினைவே. முடிவில் நடிகர் அசோக் குமார் தோன்றி ஒரு வார்த்தை சொல்வார் என்பதும், அவ்வேளை அண்டை வீட்டுப் பஞ்சாபி அம்மையார் நம் கூடத்தில் அமர்ந்து கண் துடைத்துக் கொள்வார் என்பதும் நினைவிலிருக்கின்றன. 1986இல் 'மால்குடி டேஸ்' வந்தபோது அன்னையார்க்குப் பெருமகிழ்ச்சி. ஆர். கே. நாராயணின் கதை, ஆர். கே. இலட்சுமணின் கோட்டோவியம், எல். வைத்தியநாதனின் இசை, சங்கர் நாகின் இயக்கம். பேச்சு இந்தியாயினும் திண்ணை நம் திண்ணை. "இவர்கள் வீட்டில் காப்பி ஆற்றுவது சரியாக இருக்கிறது" என்று அவர் அளித்த சான்றிதழை மேம்பட்ட திறனாய்வாக இன்றும் கருதுகிறோம்.

பின்னர் வந்தது இராமாயணம். 1987 சனவரி 25 முதல் 1988 சூலை 31 வரை, ஞாயிறு காலை ஒன்பதரை மணிக்குத் தில்லித் தெருக்கள் வெறிச்சோடியதை நாம் கண்ணாரக் கண்டோம். இராமானந்த சாகர் தம் தொடரின் தொடக்க எழுத்துகளில், தாம் துணைக்கொண்ட நூல்களுள் கம்பராமாயணத்தையும் குறித்திருந்தார். அன்னையார் அதனை மனத்தில் இறுத்திக் கொண்டார். அவர்க்கு இந்தி காய்கறிக் கடை அளவே. ஆயினும் கதை தெரிந்தவர்க்கு மொழி எதற்கு? வாரந்தோறும் தொடர்ந்து வந்தார், சீதையை இராவணன் கவரும் காட்சி வரை. அக்காட்சியில் அவன் கைப்பற்றி இழுத்தபோது அன்னையார் எழுந்துவிட்டார். "கம்பர் தொடவே விடவில்லையே! பர்ணசாலையை மண்ணோடு பெயர்த்தல்லவா எடுத்துப் போனான்!" என்றார். கூடத்திலிருந்த வேற்றுமொழியினர் திகைத்து நோக்க, அதனை நாம் எட்டு வயது இந்தியில் விளக்க நேர்ந்தது. பஞ்சாபி அம்மையார் நெடுநேரம் எண்ணிப் பார்த்து, "உங்கள் கவி நல்லவர்" என்றார். தேசிய ஒருமைப்பாட்டிற்கென அந்நாளில் எடுக்கப்பெற்ற குறும்படங்கள் பல. 1988 விடுதலை நாளில் ஒளிபரப்பாகிய 'மிலே சுர் மேரா தும்ஹாரா' பாடலில் பாலமுரளிகிருஷ்ணாவின் தமிழ்க்குரல் கேட்டு நாம் மெய்சிலிர்த்ததும் உண்மை. ஆயினும் அந்த ஞாயிற்றுக்கிழமை வாதத்தை விடச் சிறந்த ஒருமைப்பாட்டு நிகழ்ச்சியைத் தொலைக்காட்சி தயாரித்ததாக நமக்குத் தெரியவில்லை; அதுவும் தானறியாமல் தயாரித்தது.

ஞாயிறு பிற்பகல் தனியே பேசத் தக்கது. நண்பகல் உணவு முடியும் வேளையில் செவித்திறன் குன்றியோர்க்கான செய்தி வரும். கைகளால் பேசப்பெறும் அச்செய்தி முடிந்ததும் மாநில மொழித் திரைப்படம் ஒன்று, ஆங்கில எழுத்துரையுடன் தொடங்கும். மொழிகள் முறைவைத்து வந்தன. ஒரு வாரம் அசாமியம், ஒரு வாரம் வங்காளம், பின் குசராத்தி, கன்னடம், மலையாளம், மராத்தி, ஒடியா எனத் தமிழின் முறை வந்து சேரத் திங்கள் பல ஆகும். பெரும்பாலும் விருது பெற்ற படங்களே. பாட்டும் சண்டையும் எதிர்பார்த்துக் கூடிய சிறுவர்க்கு ஏமாற்றமே. ஆயினும் நம் முறை வரும் ஞாயிறன்று குடியிருப்பின் தமிழ்க் குடும்பங்கள் அனைத்தும், படம் எதுவெனக் கேளாமலே, ஒரு வீட்டில் கூடின. அன்று காலையே சமையல் முடியும். ஐந்து குடும்பத்துக் காலணிகள் வாயிலில் குவிந்து கிடக்கும். பெட்டியிலிருந்து முதல் தமிழ்ச் சொல் எழுந்ததும் கூடத்தில் ஓர் அமைதி பரவும். தில்லியில் பிறந்த பிள்ளைகள், பெற்றோர் அல்லாத பிறர் வாயிலிருந்து தமிழ் கேட்ட மிகச் சில வேளைகளுள் அது ஒன்று.

அதே காலத்தில் சென்னை உறவினர் வீட்டில் நிலைமை எத்தகையது? வெள்ளி மாலை 'ஒளியும் ஒலியும்', ஞாயிறு மாலை தமிழ்த் திரைப்படம், 'வயலும் வாழ்வும்', நேயர் கடிதங்களுக்கு விடை கூறும் 'எதிரொலி', ஷோபனா ரவியின் செய்தி. கோடை விடுமுறையில் அங்கே சென்று 'ஒளியும் ஒலியும்' கண்டது, திருவிழாக் கண்டது போன்றது. மாமன் மகன் கேட்பான்: "உங்கள் தில்லியில் இது வராதா?" அவனுக்கு நாட்டின் தலைநகரில் இருப்பவர்க்கு யாவும் கிடைக்கும் என்ற எண்ணம். நாட்டில் எங்கிருந்தாலும் தில்லியைக் காணலாம். தில்லியிலிருந்து மட்டும் சென்னையைக் காண இயலாது என்பதை அவனுக்கு எப்படி விளக்குவது? தேசியம் என்பது ஒருவழிப் பாதையாய் அமைந்திருந்த காலம் அது. அதன் முடிவிடத்தில் அன்று, தொடக்கவிடத்தில் குடியிருந்தும் நாம் வெளியே நின்றோம்.

பாதை இருவழியானது அரசின் திட்டத்தால் மட்டும் அன்று, போட்டியாலும் ஆகும். 1991இல் வளைகுடாப் போரை அயல்நாட்டு அலைவரிசையில் கண்ட மக்கள் கம்பிவடத் தொலைக்காட்சியை நாடினர். 1992 அக்டோபரில் சீ தொலைக்காட்சியும், 1993 தமிழ்ப் புத்தாண்டன்று சன் தொலைக்காட்சியும் தோன்றின. தூர்தர்ஷன் விழித்துக் கொண்டது. 1993 குடியரசு நாளன்று தில்லி, பம்பாய், கல்கத்தா, சென்னை ஆகிய நான்கு நகரங்களின் இரண்டாம் அலைவரிசைகளை இணைத்து 'மெட்ரோ' என்று பெயரிட்டது. இளைஞர்க்கான ஆட்டமும் பாட்டமும் அதில் மிகுந்தன. பத்தாண்டு வாழ்ந்து, 2003 நவம்பர் 3ஆம் நாள் அது 'டிடி நியூஸ்' என்னும் செய்தி அலைவரிசையாக மாறிற்று. முதல் அலைவரிசை முதலில் 'டிடி 1' ஆகிப் பின்னர் 'டிடி நேஷனல்' ஆயிற்று. பெயரிலேயே தேசியம் என்று எழுதிக்கொள்ள நேர்ந்தது, அது ஒன்றே தேசியத் தொலைக்காட்சியாய் இருந்த காலம் முடிந்த பின்புதான் என்பதை நோக்குக.

இவற்றிடையே நமக்கு உயிரான மாற்றம் ஒன்று ஆரவாரமின்றி நிகழ்ந்தது. தொண்ணூறுகளில் தூர்தர்ஷன் மாநில மொழிகளுக்குச் செயற்கைக்கோள் அலைவரிசைகளை வகுத்து எண்ணிட்டது. தமிழுக்கு 'டிடி 5'. இனிச் சென்னை நிகழ்ச்சி கோபுரத்தை நம்பியிருக்கவில்லை. விண்ணிலிருந்து நாடெங்கும் பொழிந்தது. அதனைப் பிடிக்கத்தான் வழி வேண்டும். 1995ஆம் ஆண்டுச் சட்டம், கம்பிவட இயக்குநர் ஒவ்வொருவரும் தூர்தர்ஷன் அலைவரிசைகள் இரண்டினையேனும் தர வேண்டும் என்றது. நம் பகுதி இயக்குநரும் சட்டப்படி இரண்டினைத் தந்தார். இரண்டிலும் தமிழ் இல்லை. குடியிருப்புத் தமிழர் பதினோரு பேர் கையொப்பமிட்டு விண்ணப்பம் கொடுத்தோம். "பதினோரு வீட்டிற்கு ஒரு சேனலா?" என்று அவர் சிரித்தார். அவர் கணக்கில் பிழையில்லை.

2004 திசம்பரில் தூர்தர்ஷன் வீட்டுக்கு நேரே ஒளிபரப்பும் இலவசச் சேவையைத் தொடங்கிற்று. சிறு வட்டில் ஒன்றும் பெட்டியொன்றும் ஒரு முறை வாங்கினால் போதும். திங்கள் கட்டணம் இல்லை. மாடிச் சுவரில் அந்த வட்டிலைப் பொருத்தி, கீழே ஒருவரும் மேலே ஒருவருமாய் நின்று "வந்ததா?" "போயிற்று!" "வந்தது!" என்று கூவிய நாளில், நம் வீட்டுக் கூடத்தில் முதன்முறையாகச் சென்னை தெரிந்தது. தந்தையார் அப்போது ஓய்வு பெற்றிருந்தார். அன்றிரவு தமிழ்ச் செய்தியை நின்றுகொண்டே முழுதும் கேட்டார். தில்லிக்கு வந்து ஏறத்தாழ முப்பதாண்டு கடந்திருந்தது.

திரையின் மூலையில் அப்போதிருந்த பெயர் 'பொதிகை'. 2000ஆம் ஆண்டில் சூட்டப்பெற்றது. தூர்தர்ஷனின் மாநில அலைவரிசைகளுக்கு அக்காலத்தில் பெயரிட்டவர் யாராயினும், அவர் மலைகளின் மேல் காதல் கொண்டவர் போலும். மராத்திக்குச் சஹ்யாத்திரி, குசராத்திக்குக் கிர்நார், தெலுங்குக்குச் சப்தகிரி, பின்னர் தெலங்கானம் பிரிந்தபோது யாதகிரி. கன்னடம் மட்டும் மலையை விட்டுச் சந்தன மரத்தைப் பற்றிக்கொண்டது. எண்ணாக இருந்தவற்றுக்கு ஊரும் நிறமும் தந்த அச்செயலைத் தூர்தர்ஷனின் பெயர் மாற்றங்களுள் மிகச் சிறந்ததாக நாம் மதிக்கிறோம்.

பொதிகையோ வெறும் மலையன்று. தென்றலும் தாமிரபரணியும் பிறக்கும் இடம். வடதிசையிலிருந்து வந்த அகத்தியர் தங்கித் தமிழ் வளர்த்ததாக மரபு போற்றும் இடம். புறநானூற்றின் பழம்பாடல் ஒன்று இமயத்தையும் பொதியத்தையும் ஒருங்கே நிறுத்தி அரசனை வாழ்த்துகிறது. சிலப்பதிகாரமும் தன் மங்கல வாழ்த்தில் அவ்விரு மலைகளையும் அருகருகே வைக்கிறது. இமயத்தின் நிழலில் பிழைக்க வந்தவர் வீட்டில், தெற்கிலிருந்து பொதிகை வந்து ஒளிர்வது எத்தகைய பொருத்தம்! பெயர் சூட்டிய அலுவலர் நம்மை எண்ணிச் சூட்டியிருக்க மாட்டார். ஆயினும் நாம் நமக்கெனவே சூட்டியதாக எடுத்துக் கொண்டோம். "மலையை எடுத்துவிட்டார்கள்" என்று சங்கத்தில் பெரியவர் தயங்கியதன் காரணம் இதுவே.

நிகழ்ச்சிகளில் பொதிகை செல்வச் செழிப்புடையதன்று. தனியார் அலைவரிசைகளின் மினுக்கு அங்கில்லை. ஒளியமைப்பு மங்கல், பட்டுத்திரைக்கு முன் ஓர் உரையாடல், ஒரு கச்சேரி, உழவர்க்கு விதை நேர்த்தி பற்றிய விளக்கம், பழைய நாடகத்தின் மறு ஒளிபரப்பு. நம் பிள்ளைகள் ஐந்து நிமிடம் தாங்கார். ஆனால் அங்கே பேசப்பெற்ற தமிழ் ஒலி திருந்தியது, ஆங்கிலம் இடையிடாதது. மறந்துகொண்டிருக்கும் மொழியை மீட்டெடுக்க முயல்பவர்க்கு அத்தகைய மெதுவான, தெளிவான பேச்சே உதவும் என்பதைப் புலம்பெயர்ந்தவர் அறிவர்.

தேசிய அலைவரிசையின் பிற்காலத்தை விரைந்து கடக்கலாம். 2014 நவம்பரில் 'தேஷ் கா அப்னா சேனல்', அஃதாவது நாட்டின் சொந்த அலைவரிசை, என்னும் முழக்கவுரையுடன் அது புதுக்கோலம் பூண்டது. 2017இல் கண் சின்னத்திற்கு மாற்றாகப் புதியது ஒன்று வேண்டும் எனப் பொதுமக்களிடம் போட்டி அறிவிக்கப்பெற்றது. ஓவியங்கள் ஆயிரக்கணக்கில் வந்து குவிந்தன. முடிவில் பழைய கண்ணே நின்றது. 2024 ஏப்ரலில் செய்தி அலைவரிசையின் சின்னம் சிவப்பிலிருந்து காவி நிறத்திற்கு மாறியபோது நாடாளும் கட்சிக்கும் எதிர்க்கட்சிகளுக்கும் இடையே வாதம் எழுந்தது. அரசு ஊழியராகிய நாம் நிறத்தைப் பற்றி எழுதுவதற்கில்லை. இத்தனை புதுமைகளுள் எதுவும் தராத வெற்றியைத் தந்தது பழமையே. 2020 மார்ச்சு 28 முதல், ஊரடங்கில் வீட்டிலிருந்த மக்களுக்காக இராமாயணமும் மகாபாரதமும் மீண்டும் ஒளிபரப்பாயின, கோடிக்கணக்கானோர் கண்டனர். எண்பத்தேழில் ஐந்து குடும்பம் கூடிய கூடத்தில் இப்போது அன்னையார் ஒருவரே அமர்ந்து கண்டார். பஞ்சாபி அம்மையார் காலமாகிச் சில ஆண்டுகள் ஆகியிருந்தன. சீதை கவரப்படும் காட்சி வந்ததும் அன்னையார் எழுந்து அடுப்படிக்குச் சென்றுவிட்டார்.

இதற்கிடையே தரைவழி ஒளிபரப்பு நிலையங்களைப் பிரசார் பாரதி ஒவ்வொன்றாய் மூடி, 2022 அளவில் பெரும்பாலானவற்றை நிறுத்திவிட்டது. கோபுரத்தைச் சுற்றியே வாழ்ந்த தொலைக்காட்சி கோபுரத்தை விட்டது. தில்லியும் சென்னையும் இன்று ஒரே விண்கோளிலிருந்து ஒரே வேளையில் இறங்குகின்றன. எட்டரை மணி என்னும் கதவு இப்போது இல்லை. அக்கதவு இருந்த காலத்தில் பெயர் ஒன்றே, எதிர்ப்பு பெரிது. கதவு அகன்ற பின் பெயர்கள் பல, எதிர்ப்பு சிறிது. பெயரைக் காட்டிலும் நேரப் பட்டியலே மக்களின் வாழ்வைத் தொட்டது என்று நாம் எண்ணுவதற்கு இதுவே சான்று.

'டிடி தமிழ்' வந்த புதிதில் ஒரு மாலை. அன்னையார்க்கு அகவை எண்பதை நெருங்குகிறது. கண்பார்வை குறைந்ததால் விசைப்பலகை பேரன் கையில் இருக்கும். அவன் தமிழ் பேசுவான். எழுத்துக் கூட்டித்தான் படிப்பான். "பொதிகையைப் போடுடா" என்றார் அன்னையார். அவன் பட்டியலை மேலும் கீழும் உருட்டினான். "பொதிகைன்னு ஒண்ணும் இல்லையே பாட்டி. டிடி தமிழ்னுதான் இருக்கு."

"அதுதாண்டா மெட்ராஸ் டீவி. போடு."

போட்டான். செய்தி ஓடிக்கொண்டிருந்தது. சிறிது நேரம் கழித்து, "பொதிகைன்னா என்ன பாட்டி?" என்று கேட்டான். அன்னையார் ஒலியைக் குறைக்கச் சொல்லிவிட்டு, அகத்தியர் வடக்கிலிருந்து புறப்பட்டதில் தொடங்கினார். அவர் விந்தியத்தைத் தாண்டுவதற்குள் செய்தி முடிந்து வானிலை வந்துவிட்டது.